கழுத்தை மடித்துப் படுத்த மாடு

குதிரை படுக்காது, படுத்தால் எழாது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது. மூணாறில் ஒரு மிருகாஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்த புதிது. காக்கிச் சட்டை போட்டவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். பிற்பாதியில் அதற்கு இடம் குறைவு.

1. இசக்கியின் குதிரை

சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போகும் மைதானம் ஒன்று ரோட்டோரத்தில் இருக்கிறது. ஒரு மத்தியானம் அந்த வழியாக வந்தேன். இசக்கி என்பவரின் வெள்ளைக் குதிரை நாலு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. பின்னங்கால் ஒன்று வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். "டாக்டரம்மா, குதிரை போயிருச்சு! இல்ல, போய்க்கிட்டிருக்கு!" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லும் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, டீக்கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து குதிரையின் மூஞ்சியில் ஊற்றினேன்.

குதிரை எழுந்தது. எழுந்த வேகத்தில் வாளி ஒரு பக்கமும் நான் ஓடைப் பக்கமும் போனோம்.

டீ கிளாசோடு ஓடிவந்த இசக்கி என்னைத் தூக்கிவிடவில்லை.

"யோவ், ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? அது அசந்து படுக்கிறதே எப்பவாவதுதான். அதையும் தண்ணி ஊத்தி எழுப்பிட்டியேய்யா!"

"செத்துட்டுன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"செத்ததுக்கு எதுக்குடே தண்ணி ஊத்துன? குளிப்பாட்டி எடுத்துட்டுப் போகவா?"

சட்டைப் பைக்குள் டாக்டர் இன்னும் லைனில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

டாக்டர் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். மறுநாள் அவர் சிரிக்காமல் சொன்னார்:

"ஏனுங்க தங்கராசண்ணா, குதிரை நின்னுட்டே கண் அசருமுங்க. ஆனா நல்லாத் தூங்கோணும்னா கொஞ்ச நேரமாச்சும் படுத்தாத்தான் ஆகும். பயமில்லாத எடத்துலதான் அப்படிப் படுக்கும். அடுத்தவாட்டி தண்ணியெல்லாம் வேண்டாமுங்க. காதைத் தொடுங்க. தலையை லேசாத் திருப்புங்க. தூங்கற ஜீவனா இருந்தா கோவிச்சுக்கும். நோவுல கெடக்கறது கோவிச்சுக்காதுங்க."

இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

குதிரையைக் குளிப்பாட்டிய தங்கராசு என்ற பெயர் நான் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வரைக்கும் வந்து சேர்ந்தது. என் மனைவி தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். அதனால் எங்களுக்கு லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு. வாளியோடு குழாயடிக்குப் போனால்கூட, "அண்ணே, யாரு படுத்திருக்கா?" என்று கேட்பார்கள்.

அந்த வெட்கத்தில்தான் பிராணிகள் தூங்குவதைப் பார்க்கத் தொடங்கினேன். ஆடு கண்ணைப் பாதி மூடி அசைபோடும்போது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று அதற்கே தெரியாது. கோழி மூங்கிலை இறுகப் பிடித்தபடியே தூங்கும், விழாது. மாடு நாளில் பாதியைப் படுத்தே கழித்தாலும் உண்மையாகத் தூங்குவது கொஞ்ச நேரம்தான். அப்போது கழுத்தைப் பின்னால் மடித்துத் தலையை விலாவில் வைத்துக்கொள்ளும். லைனில் எல்லார் வீட்டிலும் மாடு உண்டு. ஆனால் விடிந்தால் எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போய்விடுகிறோம். வளர்க்கிற மாடு எப்படித் தூங்குகிறது என்று பார்த்தவர்கள் எங்களில் குறைவு.

2. பேச்சியக்காவின் செவலை

பேச்சியக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தனி ஆள். அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட். அதன்பிறகு லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு மறையூரில் தங்கை வீட்டோரம் ஒரு கொட்டகை போட்டு, மாட்டை வைத்துப் பிழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த மாடுதான் செவலை, ஜெர்சிக் கலப்பு. நாலாவது ஈற்றில் கிடாரிக் கன்று போட்டிருந்தது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மாடு ஈன்றால் எல்லா வீட்டுக்கும் சீம்பால் போக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் பேச்சு வரும். பேச்சியக்கா கன்றுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, மடி வற்ற வற்றக் கறந்து எல்லாருக்கும் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கு வந்தது. கருப்பட்டி போட்டுக் காய்ச்சிச் சாப்பிட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலையில் வேலை இல்லை. கன்றைப் பார்க்கலாமென்று காலையில் போனேன். தொழுவத்துக்கு வெளியே பேச்சியக்கா வாயில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீக. தூங்குது."

எட்டிப் பார்த்தேன். செவலை கழுத்தை மடித்து, தலையை விலாவில் வைத்துப் படுத்திருந்தது. மேலே கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூட அணைத்திருந்தார்கள். பெற்றவள் தூங்கட்டும் என்று லைனே அடங்கியிருந்தது.

"எப்ப இருந்துக்கா?"

"விடியக்காலத்துல இருந்து அசையல. அசதி இருக்காதா, பாவம்? இதுக்க ஆத்தாக்காரியும் இப்படித்தான் தூங்குவா. புண்ணியவதி, தூக்கத்துலயேல்லா போயிட்டா."

விடியற்காலையிலிருந்து. மாடு அவ்வளவு நேரம் அப்படித் தூங்காது. ஆனால் குதிரையும் நினைவுக்கு வந்தது. உள்ளே போய்க் காதைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. இது மூணாறு. என் காதைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது. அப்படியானால் எனக்கும் நோவா? மாட்டின் காதையும் என் காதையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, மாட்டுக்கு ஜோசியம் பாக்கீகளா?" என்றார் பேச்சியக்கா.

தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராகத் திருப்பினேன். திமிறவில்லை. சீறி மூச்சுவிடக்கூட இல்லை. கையை எடுத்தேன். தலை தானாக மடிந்து திரும்பவும் விலாவுக்கே போனது. இன்னொரு முறை திருப்பினேன். இன்னொரு முறையும் போனது.

மாடு கோவித்துக்கொள்ளவில்லை.

டாக்டர் மறையூரில் ஒரு கேஸுக்குப் போயிருந்தார். போனை எடுத்ததும், "தண்ணி ஏதாச்சும் ஊத்திட்டீங்களா?" என்றுதான் கேட்டார். நான் தலையைப் பற்றிச் சொன்னேன். அவர் குரல் மாறியது.

"பால் காய்ச்சலுங்க. பேருதான் காய்ச்சல், உடம்பு ஜில்லுனு ஆயிரும். ரத்தத்துல கால்சியம் எறங்கிப் போச்சு. பக்கவாட்டுல சாய விட்டுராதீங்க, வயிறு ஊதி மூச்சு முட்டிரும். நெஞ்சுல படுத்த மாதிரியே முட்டுக் குடுத்து நிறுத்துங்க. வாய்ல ஒண்ணும் ஊத்தாதீங்க. வாரனுங்க."

கொழுந்து கட்டும் சாக்குகளில் வைக்கோலைத் திணித்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். நான் செவலையின் தோளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பேச்சியக்கா மறுபக்கம் உட்கார்ந்தார். கம்பளியை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். நான் இரண்டு தடவை எழுந்துபோய் ரோட்டைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தால் ஜீப் சீக்கிரம் வரும் என்று எந்தப் படிப்பிலும் இல்லை.

ஜீப் வந்தது. டாக்டர் கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினார். கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்தார். பாட்டில் என் கையில். சீக்கிரம் இறங்கட்டுமென்று நான் அதைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

"அண்ணா, தாழ்த்துங்க! வேகமா எறங்கினா இதயம் நின்னுரும்."

தாழ்த்தினேன். பாதி இறங்கியபோது மாட்டின் தொடை நடுங்கத் தொடங்கியது. நோவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்குக் குழப்பம். பிறகு செவலை ஏப்பம் விட்டது. சாணம் போட்டது. மூக்கு நுனியில் முத்து முத்தாக ஈரம் வந்தது. தலையைத் தானே நேராகத் தூக்கி, டாக்டரின் கையைத் தட்டிவிட்டது.

"கோவம் வந்துருச்சுங்க" என்றார் டாக்டர். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் மாடு முட்டி போட்டு எழுந்து நின்று மூத்திரம் பெய்தது. கன்றைப் பார்த்து அடித்தொண்டையில் குரல் கொடுத்தது. வாசலில் நின்ற லைன்காரர்கள் கைதட்டினார்கள். நாலாவது ஈற்று, நல்ல கறவை, இப்படிப்பட்ட மாட்டை முதல் இரண்டு மூன்று நாள் மடி வற்றக் கறக்கக் கூடாது, கால்சியம் பாலோடு போய்விடும் என்று டாக்டர் சொன்னதும் கைதட்டல் அடங்கியது. எல்லார் வீட்டிலும் சீம்பால் பாத்திரம் இருந்தது. என் வீட்டிலும்.

அதன்பிறகு எங்கள் லைனில் சீம்பால் வழக்கம் மாறிவிட்டது. வீடு வீடாகக் கொடுப்பதும் இல்லை, கேட்பவர்களும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: தூங்குகிறது என்று யாராவது சொன்னால் எழுப்பிப் பாருங்கள். உதை வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் கெட்டால் கெடட்டும்.

டாக்டர் ஜீப்பில் ஏறும்போது பேச்சியக்கா பின்னாலேயே வந்தார். மாட்டை நக்கவிட்ட கை ஈரமாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"டாக்டரம்மா, இதுக்க ஆத்தாவும் இப்படித்தான் கழுத்த மடிச்சிருந்தா. ஈனி மறுநாளு. நான் போர்வையப் போத்தி, கதவச் சாத்திட்டு வேலைக்குப் போனேன்."

"நான் அப்ப இங்க இல்லீங்கக்கா. பாக்காம என்னத்தைச் சொல்றது?"

"நான் பாத்தேம்லா."

டாக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

செவலை இப்போதும் கறக்கிறது. அதன் தாய் தூக்கத்தில் சாகவில்லை.