ரிக் நின்ற இரண்டு மணி நேரம்

நவம்பர் 27, புதன்கிழமை, காலை 10.20. வானம் மூடியிருந்தது, மழையில்லை, காற்றுமில்லை. சங்ககிரிக்கு அப்பால், நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றாலயத்தில் என் மகள் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் மணிக்கு 31 ஹாரன் சத்தம். எண்ணிப் பார்த்த பிறகுதான் பங்குத்தந்தையிடம் இந்த ஆலயத்தின் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

அவளுக்கு வயது 34. இருபத்தாறு வருடமாக வாசிக்கிறாள். முதுகலை முடித்து, சென்னையில் வாசித்தே சம்பாதிக்கிறாள். இப்போது வெளிநாட்டில் இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டுமாம். அந்தப் படிப்புக்குப் பரீட்சை இல்லை, ஆய்வேடு இல்லை; மேடையில் வாசிப்பதுதான் படிப்பு. சேரவும் மதிப்பெண் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே பதிவாக வாசித்து, அன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும். வயது வரம்பினால் இதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

"நல்லா வாசிக்கத் தெரிஞ்சவளுக்கு இன்னும் என்னம்மா பாடம்?" என்று பலமுறை கேட்டுவிட்டேன்.

"அது தெரிஞ்சா நான் ஏம்ப்பா போறேன்?" என்பாள்.

மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி முடித்த நேரம், பக்கத்துச் சோளக்காட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி அலறத் தொடங்கியது. ஓடினேன். தலையில் துண்டு கட்டியிருந்த மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நிறுத்தலாமுங்க. பைப்பை மேல தூக்கோணும். வண்டி சும்மா நின்னா மணிக்கு நாலாயிரமுங்க."

"தோண்டாம இருக்கறதுக்கா?"

"தோண்டுனா அடிக்கணக்கு, தோண்டாட்டி மணிக்கணக்குங்க சாமி."

பேரம் பேசி 3,500-க்கு முடித்தேன்.

அவள் வாசித்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எங்கே பிசகுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். எங்கும் பிசகவில்லை. மேஸ்திரியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். இருபத்தொன்பதாவது நிமிடம் அவள் வில்லைக் கீழே இறக்கிவிட்டாள்.

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "ஒரு தப்பும் இல்லையேம்மா!"

"தப்பில்லப்பா. அந்த இடத்துல நான் வாசிக்கல. கை தானா வாசிச்சுட்டுப் போயிருச்சு."

கோபமில்லை, கண்ணீரில்லை. மறுபடி சுருதி சேர்த்தாள். சங்ககிரி மலைக்கோட்டையில் ஒரு வாசலைத் தாண்டியதும் மேலே அடுத்த வாசல் தெரியும்; கீழே நிற்பவனுக்கு அது தெரியாது. இத்தனை வருடம் நான் கீழேதான் நின்றிருக்கிறேன்.

மேஸ்திரி மெல்லக் கேட்டார்: "போன தடவையே நல்லாத்தானுங்களே இருந்துச்சு?"

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"வண்டிய எடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். இன்னொரு மணி நேரம்."

இரண்டாம் முறை அந்த இடம் நெருங்கியபோது பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதே சுரங்கள்தான், அதே வேகந்தான். ஆனால் முதல்முறை கேட்டது இதன் நிழல் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கடைசிச் சுரம் கூரையில் அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

பதிவு அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. மார்ச்சில் இடம் கிடைத்ததாகச் சொன்னாள்.

ரிக் நின்றதற்கு முதல் மணிக்கு 3,500; இரண்டாவதற்குப் பேரம் பேசவில்லை, 4,000. ஆக 7,500 ரூபாய்.