பதினான்காவது பங்கு

தராசின் கொக்கியில் பொதியை மாட்டிக் கண்ணுக்கு நேரே உயர்த்தியதும் மீராமுகைதீன் மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுப் பட்டால் முள் ஆடிவிடும் என்பது அவருடைய கட்சி. முள் ஐந்நூறு கிராமில் நின்றால் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் பொதியை வலப்பக்கம் வைப்பார். ஐந்நூற்றிருபதில் நின்றால் இடப்பக்கம் திரும்பி மனைவியைப் பார்ப்பார்.

"இதுல என்னத்தகா கூட வெச்ச?"

"நான் என்னத்த வெச்சன். தராசுக்கு வயசு போயிற்று" என்பார் றாஹிலா, முகத்தைத் திருப்பாமல்.

பொதியை அவிழ்த்தால் மாசிச் சம்பலுக்கும் பொரித்த கருவாட்டுக்கும் நடுவே இனிப்புத் தொதல் துண்டு ஒன்று அதிகமாக ஒளிந்திருக்கும். மீராமுகைதீன் அதை வெளியே எடுப்பார். எடுத்ததைத் திரும்பச் சட்டியில் போடுவது அழகில்லை என்பதால் தன் வாயில் போட்டுக்கொள்வார். "பங்கெண்டா பங்கு" என்று வாய் நிறையச் சொல்வார்.

மருதமுனையில் அவருக்கு இடுப்பில் கட்டும் சாரன் விற்கும் கடை. வயது அறுபத்திரண்டு. எதை மடித்தாலும் சாரன் மடிப்பதுபோல நான்காக மடித்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். பத்திரிகைக்கும் அதே தட்டு, மின்சாரப் பட்டியலுக்கும் அதே தட்டு. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை போய் எதிராளியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் துணியை உருட்டிப் பார்த்து, நூல் எத்தனையாம் நம்பர், சாயம் எத்தனை கழுவலுக்கு நிற்கும் என்று சொல்லிவிடுவார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளைமார் அவரைக் கண்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். "கோட்டுக்கு எவ்வளவு குடுத்த மனே? ஏமாத்திப்போட்டானுகள்" என்பது அவர் சொல்லும் முதல் வாழ்த்து.

பொதிகள் தென் சூடானுக்குப் போகின்றன. ஒரே மகன் முர்ஷித் இராணுவத்தில் ஆண் தாதி. அங்கே ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாமொன்றில் நம் நாட்டு இராணுவம் நடத்தும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து சாமான் போகும்போது வீட்டார் கொடுப்பதும் சேர்ந்து போகும். ஆளுக்கு ஏழு கிலோ. ஏழு கிலோவையும் மகனுக்கே கட்டி அனுப்பத்தான் றாஹிலா நினைத்திருந்தார். மீராமுகைதீன் சம்மதிக்கவில்லை. நபிபுகழ் பாடி மௌலூது ஓதிய வீட்டில் நார்சாச் சாப்பாடு பங்கிட்டுக் கொடுக்கும்போது வந்திருக்கும் எல்லாருக்கும் ஒரே அளவுதான். வீட்டுக்காரர் என்பதற்காக ஒரு கரண்டி கூடாது, வழிப்போக்கர் என்பதற்காக ஒரு கரண்டி குறையாது. கூடாரத்தில் பதினான்கு பேர் படுக்கிறார்கள் என்றால் பதினான்கு பங்கு.

"பதிமூணு பேர் வாயப் பாத்துக்கொண்டிரிக்க ஒருத்தன் தின்னுறதா? அதுக்குப் பேர் தீன் இல்ல, களவு" என்றார்.

ஆகவே பெயர்ப் பட்டியல் வந்தது. கூடாரத்தில் முர்ஷித்தைத் தவிர எல்லாரும் சிங்களவர். துணி மூட்டைக்குக் குறிபோடும் மார்க்கர் பேனையால் பதின்மூன்று பெயர்களையும் மீராமுகைதீன் சிங்களத்தில் எழுதுவார். அம்பாறை, மொனறாகலைச் சந்தைகளில் முப்பது வருடம் சாரன் விற்றுப் படித்த சிங்களம். எழுத்து மட்டும் பஸ் பலகைகளைப் பார்த்துப் பழகியது, அதனால் ஒவ்வொரு பெயரும் ஓர் ஊரின் பெயர்போலப் பெரிதாக இருக்கும். அந்தப் பேனையைப் பற்றி அவருக்குப் பெருமை. "எழுதின கையோட காயிற மை. ஆத்தில போட்டாலும் போகா" என்று எழுதியவுடன் விரலால் தேய்த்துக் காட்டுவார்.

பதினான்காவது பொதியில் எதுவும் எழுதமாட்டார்.

"நான் அவனோட கதைக்கிறல்ல" என்பதை மற்றவர்கள் தங்கள் சீனி வருத்தத்தின் அளவைச் சொல்வதுபோல அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஐந்து வருடமாகிறது. காரணம், யுத்த காலத்தில் அவர் சரக்கேற்றித் திரிந்த வான். இராணுவத்தின் காவலரணுக்குக் காவலரண் எண்பது கட்டுச் சாரனையும் இறக்கி, அவிழ்த்து, திரும்ப மடித்து ஏற்றியவர் அவர். "அந்தச் சட்டைக்குப் பயந்து நான் இறக்கி ஏத்தின கட்டுகளை அடுக்கினா வானத்த முட்டும். அதே சட்டையப் போட்டுக்கொண்டு வந்து நிக்கான் என்ட வாசல்ல." அப்படி நின்ற அன்று, கோபத்தின் நடுவிலும் பழக்கதோஷத்தில் கை நீண்டு அந்தச் சட்டை நுனியைப் பிடித்துப் பார்த்தது என்றும், "துணி பரவால்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றும், மகனோடு அவர் கதைத்த கடைசிக் கதை அதுதான் என்றும் றாஹிலா சொல்வார்.

தன்னை இனி மகனின் பெயரோடு சேர்த்து அழைக்க வேண்டாம் என்று அன்றே மனைவிக்குத் தடையும் போட்டார். அதுவரை "இஞ்சேருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த றாஹிலா மறுநாளிலிருந்து "முர்ஷித்ட வாப்பா" என்று கூப்பிடத் தொடங்கினார். சோற்றுக்கும் கூப்பிடுவார், சும்மாவும் கூப்பிடுவார். பசித்தால் மனிதர் ஓமென்றுதானே ஆகவேண்டும்.

இவரிடம் ஓதிப் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். இவர் மௌலவியல்ல. ஆனால் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் அந்தத் தெருவில் பிள்ளையை முதலில் தூக்கிக்கொண்டு வருவது சாரன் கடைக்குத்தான். குர்ஆன் வசனமொன்றை ஓதி, உச்சந்தலையில் மூன்று முறை ஊதுவார். பரீட்சைக்குப் போகிறவர்கள், கட்டாருக்குப் போகிறவர்கள், புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஊதியிருக்கிறார். முர்ஷித் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்ட காலையில் மட்டும், கடையில் சரக்கு இறங்குகிறது என்று வீட்டுக்கு வரவில்லை. அன்று சரக்கேதும் இறங்கவில்லை.

மகனோடு கதைக்காத மனிதர் மகனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் கோப்ரல் திசாநாயக்கவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஒவ்வொரு பொதிக் கட்டோடும் ஒரு சிங்களக் கடிதம் போகும். "அங்கே நுளம்பு எப்படி? உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நித்திரையில் போர்வையை உதைத்துத் தள்ளும் ஆளாக இருக்கலாம். அப்படியானால் எழுப்ப வேண்டாம். போர்த்திவிட்டால் போதும்." கோப்ரலும் இலேசுப்பட்டவரல்ல. "பக்கத்துக் கட்டில்காரர் நலம். போர்வையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இரண்டு கிலோ கூடியிருக்கிறார். உங்கள் கருவாடுதான் காரணம்" என்று பதில் வரும். பெயரில்லாத பொதி எந்தக் கட்டிலுக்கு உரியது என்று கோப்ரலுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பங்கு பிரிப்பதும் அவர்தான்.

பதில் வந்த இரவுகளில் மீராமுகைதீன் அதை றாஹிலாவுக்கு மொழிபெயர்த்து வாசிப்பார். "ஆரோ ஒருத்தன் ரெண்டு கிலோ கூடியிரிக்கானாம்."

"ஆர் பெத்த புள்ளையோ. நல்லா இரிக்கட்டும்" என்பார் றாஹிலா.

போன முறை இந்த ஏற்பாடு குலைந்தது. கோப்ரலின் தவணை முடிந்து அவர் நாடு திரும்பிவிட்டார். அவருடைய கட்டிலுக்கு லஹிரு என்ற இளைஞன் வந்தான். பொதிகள் போய்ச் சேர்ந்தபோது பிரித்தவர் வேறொருவர். கோப்ரலின் பெயர் எழுதியதை அவருக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பெயரெழுதியவற்றைப் பெயருக்குரியவர்களிடம் கொடுத்தார். முர்ஷித் அனுப்பியவரின் மகன், வீட்டுப் பங்கு தனியாக வந்திருக்கும் என்று அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. மிஞ்சிய ஒன்றில் பெயரில்லை, மிஞ்சிய ஒருவனின் பெயர் பட்டியலில் இல்லை. கணக்குச் சரியாக இருந்தது. பொதி லஹிருவுக்குப் போனது.

முர்ஷித் தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னான். றாஹிலா வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். அடுத்த அறையில் மீராமுகைதீன் ஏற்கெனவே மடித்திருந்த பத்திரிகையைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த முறை எனக்கு நார்சா இல்லும்மா. பரவால்ல, அந்தப் பொடியன் ஊரை நெனச்சி ரெண்டு நாளாச் சாப்பிடாமக் கிடந்தவன். மாசிச் சம்பலோட ஒரு றாத்தல் பாண் முடிச்சிட்டான். வாப்பாட்டச் சொல்லுங்க, அடுத்த மாசமும் ஆக்கள் மாறுது, பேரில்லாத பொதி ஒண்டு எப்பவும் இரிக்கட்டும். புதுசா வாறவங்களுக்கு."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்னத்துக்கும்மா. எனக்கெண்டு ஒண்டும் வாறல்லதானே."

அடுத்த அறையில் பத்திரிகையில் விழவேண்டிய தட்டு விழவில்லை.

ஒரு வாரத்தில் லஹிருவின் கடிதமும் வந்தது. பெயர்கூடத் தெரியாத தனக்கென்று ஒரு பங்கு முன்கூட்டியே எடுத்துவைத்த மாமாவின் பெரிய மனதை அவன் இரண்டு பக்கம் புகழ்ந்திருந்தான். மீராமுகைதீன் அதை மனைவிக்கு மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், திரும்ப வாசித்தார். தன் பிடிவாதத்துக்கு இப்படியொரு நற்சாட்சிப் பத்திரம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கோப்ரலும் இல்லை. இனிப் போர்வையைப் பற்றி யாரிடம் கேட்பது?

தராசின் சொந்தக்காரர் கனகசிங்கம் பாண்டிருப்பில் மீன்பிடிப்பவர். கருவாடும் அவர் கொண்டுவருவதுதான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் ஆறு வயது மகளை அது கொண்டுபோய்விட்டது. அவருடைய தோணியின் பெயர் உசாந்தினி. போன வாரம் கருவாட்டுப் பையை இறக்கிவைத்துக் கதையைக் கேட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எண்ட காக்கா, ஊருக்கெல்லாம் பங்கு குடுத்துப்போட்டு உங்கட வீட்டுப் பங்கைத் துலைச்சிட்டீங்களே."

"சிரி, சிரி. நான் அவனோட கதைக்கிறல்ல, தெரியும்தானே."

"கதைக்கச் சொன்ன ஆர்? நாலெழுத்து எழுதினாச் சரி."

"எழுதினா, வாப்பா தோத்துட்டாரெண்டு நெனைப்பான்."

கனகசிங்கம் தராசைக் கையிலெடுத்துக் கொக்கியில் ஒட்டியிருந்த மீன் செதிலை நகத்தால் சுரண்டினார்.

"நான் வருசா வருசம் தோணியில புதுப் பெயின்ற் அடிச்சிப் பேர் எழுதுறன். கடல்ல போட்டு இழுக்கிறன். வாசிக்க ஆளில்ல" என்றார். "உங்கட ஆள் வாசிப்பான்தானே காக்கா."

மீராமுகைதீனின் கை தன்பாட்டில் போய்க் கனகசிங்கத்தின் சட்டை நுனியைப் பிடித்தது. அவர் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கனகசிங்கம்தான் சொன்னார், "உங்கட கடையில வாங்கினதுதான். சாயம் போகுது."

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் பாயை விரித்து மீராமுகைதீன் பொதி கட்டினார். இம்முறை பதினைந்து. ஏழு கிலோவைப் பதினைந்தால் பிரித்தால் நானூற்று அறுபத்தாறு. தராசில் அறுபத்தாறுக்குக் கோடில்லை என்பதால் ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் மூச்சை அடக்கி முகம் சிவந்துபோனது. பதின்மூன்று பெயர்களை எழுதினார். லஹிருவின் பெயர் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. பதினான்காவதைப் புதிதாக வருகிறவனுக்கென்று பெயரில்லாமல் வலப்பக்கம் வைத்தார்.

பதினைந்தாவதைக் கொக்கியில் மாட்டினார். முள் ஐந்நூற்றைத் தாண்டிப் போய் நின்றது.

றாஹிலா தேங்காய்த் துருவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீராமுகைதீன் இடப்பக்கம் திரும்பினார், பொதியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவிழ்க்கவில்லை. மார்க்கரின் மூடியைக் கழற்றித் தமிழில், பஸ் பலகை எழுத்தில், முர்ஷித் என்று எழுதினார்.

பிறகு பொதியை இரண்டு கையாலும் பிள்ளையின் தலையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். உதடுகள் நீண்டநேரம் அசைந்தன. குனிந்து, எழுத்தின் மேல் மூன்று முறை ஊதினார்.

"என்ன செய்யிறீங்க முர்ஷித்ட வாப்பா?"

"மை காயோணும்" என்றார் மீராமுகைதீன். இன்னொரு முறை ஊதினார்.