மகளைத் தள்ளி வைத்த நான்கு நாட்கள்

இரத்தப் புற்றுநோய் மூளைக்குப் பரவாமலிருக்க, என் ஒன்பது வயது மகளின் தலைக்குக் கண்டியில் கதிர்ச் சிகிச்சை தொடங்கினார்கள். அலவத்துகொடையில் எங்கள் வீட்டுக்கு வந்த மதினி, "கதிர் புடிச்ச புள்ள. கைக்குழந்தைக்குக் கிட்ட விடாதீங்க" என்றார். அதை நம்பி, எங்கள் கைக்குழந்தையான அவளுடைய தம்பியைத் தொடவிடாமல் மகளை நான்கு நாட்கள் தனியறையில் வைத்தேன்.

"உம்மா, நான் தொட்டா தம்பி மவுத்தாகிடுவானா?" என்று, தம்பி செத்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் கேட்டபோதுதான் டொக்டரிடம் ஓடினேன்.

"மெஷினை நிப்பாட்டினதும் கதிரும் முடிஞ்சிடும். பிள்ளையின்ட உடம்பில தங்காது. ஏன் முதலே எங்களிட்ட கேக்கல்ல?" என்றார் அவர்.

மதினி மீதும், அதைவிட என் மீதும் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இப்போது யார் எதைச் சொன்னாலும் டொக்டரிடம் கேட்காமல் செய்வதில்லை. மதினி வரும் நாட்களில் தம்பியைத் தூக்கி மகளின் மடியில்தான் வைக்கிறேன்.