குப்பைக்குப் போன வாடிக்கையாளர்கள்

நடந்தது இதுதான்:

1. பொந்தியானில் கெமா எனும் விழாக் கூடாரங்களை வாடகைக்கு விடும் அப்பாவின் கடைக்கு, ஆர்டர் மின்னஞ்சல்கள் குறைந்துகொண்டே வந்தன.
2. கெலாங் பாத்தா தொழிற்சாலை ஒன்று தன் குடும்ப தினத்துக்கு ஆண்டுதோறும் அப்பாவிடம்தான் கூடாரம் எடுக்கும். இந்த ஆண்டு சத்தமே இல்லை.
3. அந்த ஆர்டரை நம்பி வாங்கிய புதுக் கூடாரத் துணி கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.
4. "நம்மள மறந்துட்டாங்க" என்று அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.
5. கடையின் மெயில் சர்வரை அமைத்துக் கொடுத்தவள் நான் என்பதால், சனிக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன்.

சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். தொழிற்சாலையின் கடிதம் வந்திருந்தது. வந்த வேகத்தில் ஸ்பேம் பெட்டிக்குப் போயிருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்தால் கடையின் நல்ல வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"அப்பா, இவங்கள எல்லாம் ஏன் இங்க தள்ளுனீங்க?"

"வேலை முடிஞ்சதுலா. முடிஞ்சத எதுக்குக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு? அழிக்கவும் மனசு வரல. அதான் அந்தப் பட்டன தட்டிடுவேன்."

"அது குப்பைக்குப் போற பட்டன்பா."

"படம்தானே போட்டிருக்கு, எழுத்தா போட்டிருக்கு?"

நாம் எதை ஸ்பேம் என்று ஒதுக்குகிறோமோ அதைப் பார்த்துத்தான் சர்வரின் வடிகட்டி பழகும். அப்பா ஒவ்வொரு வேலையை முடித்தபோதும், இவர்கள் வேண்டாதவர்கள் என்று அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அடிக்கடி ஆர்டர் கொடுத்தவர்கள்மீதுதான் அதற்குச் சந்தேகம் அதிகம்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அலமாக்! நான் சொல்லி இவரு ஒண்ணும் கத்துக்கல. இவர்கிட்ட மெஷின் கத்துக்கிச்சா?"

இன்பாக்ஸில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். உடல் இளைக்கும் மாத்திரை, எங்கோ ஒரு நாட்டுச் சொத்தில் பங்கு.

"இதெல்லாம் எதுக்குப்பா வச்சிருக்கீங்க?"

"இன்னும் பதில் போடலயேம்மா. மரியாதை இல்லாம எப்படி?"

தொழிற்சாலைக் கடிதத்தின் கடைசி வரியை அப்போதுதான் கவனித்தேன். திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். அப்பா உடனே கடிதம் எழுதிய பெண் அதிகாரியைக் கைப்பேசியில் பிடித்தார். "மாஃப் புவான், மாஃப்" என்று மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையோ என்று அந்த அம்மாள் பயந்துபோயிருந்தாராம். எழுத்தில் பதில் வேண்டும், இன்றே அனுப்புங்கள் என்றார். அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதிலை அனுப்பினார்.

பிறகு என் வேலை. வடிகட்டி பழகியதை முழுக்க அழித்தேன். நல்ல கடிதங்களைக் காட்டி, பழைய குப்பையையும் காட்டி, மறுபடி பழக்கினேன். "முடிந்தவை" என்று அப்பாவுக்கு ஒரு பெட்டி திறந்தேன். அதுவரை ஆர்டர், பில், விசாரணை என்ற மூன்று முகவரிகளும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்தேன்; பில் முகவரி அம்மாவுக்குப் போனது. "இனிமே எனக்கும் ஆபீஸ் வேலை" என்றார் அம்மா.

இன்றைய நிலை: குடும்ப தினக் கூடாரம் எங்களுடையதுதான், எழுத்தில் உறுதியாகிவிட்டது. அதே குப்பையில் கிடந்த, பாலோ ஊர்க் கல்யாண ஆர்டர் பதில் தாமதமானதால் கைவிட்டுப் போனது. ஆர்டர் முகவரிக்கு வருபவை இப்போது வடிகட்டிக்குள் நுழையாமல் அப்பாவுக்கு நேராகவும் எனக்கு ஒரு நகலாகவும் வருகின்றன.