ஆரத்தித் தட்டுக்கு நின்ற வேன்

நல்லம்பள்ளி ஒன்றிய அலுவலகத்தில் நாலாவது மாலை விழுந்தபோதே இசபெல்லா கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மாலை விழுந்தது அவள் கழுத்தில் இல்லை, வெளிநாட்டு விருந்தாளி மிஸஸ் நீல்சன் கழுத்தில். ஆனால் ஒவ்வொரு மாலைக்கும் ஒரு பேச்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பதில். பதிலை அவள் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மாலை கிளம்பி வந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டிய மெட்டடார் வேன் நாலே முக்காலுக்கும் புளியமரத்தடியில் நின்றது.

அது எண்பத்தைந்தாம் வருஷத்துச் சித்திரை. இசபெல்லா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் குடும்பத்துப் பெண். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஆங்கிலம் படித்து, மெட்ராசில் எம்.ஏ. முடித்து, சர்வதேசக் குடிநீர் மன்றத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா சவரி தக்காளி மண்டியில் பார்ப்பவர்களிடமெல்லாம், "நம்ம பாப்பா ஐ.நா. சபையில இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஐ.நா. இல்லையப்பா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள். பயிற்சி இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கான தாளை இன்றைய ராத்திரி விருந்தில் தருவதாக மன்றத்தின் குழுத்தலைவி மிஸஸ் நீல்சன் சொல்லியிருந்தார்.

ஒரே மாலையில் மூன்று வரவேற்புகள். நல்லம்பள்ளியில் தேநீர், தர்மபுரி டிராவலர்ஸ் பங்களாவில் அதிகாரிகளோடு சிற்றுண்டி, பாலக்கோட்டில் விருந்து. குழுத்தலைவியோடு டெல்லியிலுள்ள அவர் நாட்டுத் தூதரகத்திலிருந்து இரண்டு பேர் கோட்டும் டையுமாக வந்து, வேர்த்துக் கொட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். தர்மபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் ஒதுக்கி, நிகழ்ச்சித் தாளில் ஓர் ஊர் பெயர் இருந்தது. கல்லுக்குட்டை.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தெந்த ஊருக்கு ரிக் வண்டி அனுப்பி ஆழ்துளை போட்டு அடிபம்பு வைப்பது என்ற பட்டியலில் மிஸஸ் நீல்சன் இன்று விருந்தில் கையெழுத்துப் போடுகிறார். கண்ணால் பார்க்காத ஊர் பட்டியலில் ஏறாது. அது மன்றத்தின் விதி. கல்லுக்குட்டை இசபெல்லாவின் அக்கா ராஜமேரி வாழ்க்கைப்பட்ட ஊர்.

விதி இன்னொன்றும் இருந்தது. ஊழியர்களின் உறவினர் ஊருக்கு மன்றம் எதுவும் செய்வதாக இருந்தால் அந்த ஊழியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்த வேலையிலிருந்து அவரை விலக்கிவிடுவார்கள். கல்லுக்குட்டையை அவள் சேர்க்கவில்லை. யாரோ எப்போதோ சேர்த்தது. தாளில் பெயரைப் பார்த்த அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த மறுநாள் இரண்டு மாதமாக வந்துகொண்டே இருந்தது. அக்காவுக்கு மட்டும் கடிதம் போட்டாள்: "நான் வருவேன். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே."

டிராவலர்ஸ் பங்களாவுக்கு வந்து சேரும்போது மணி ஐந்தைத் தாண்டி ஐந்து நிமிஷம். மன்றத்தின் தொடர்பு அலுவலர் அர்ச்சுனன் நிகழ்ச்சித் தாளை விரித்து, பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"கல்லுக்குட்டை கேன்சலுங்க மேடம். டைம் இல்ல."

"சார், அரை மணி நேரம் போட்டிருக்கோமே சார்" என்றாள் இசபெல்லா.

"போட்டிருக்கோம். யாரு இல்லேங்கறா? உள்ள போயி பாருங்க, எட்டுப் பேரு பொன்னாடையோட உக்காந்திருக்காங்க. ஒருத்தர உட்டுட்டுப் போனாக்கூட நாளைக்கு நாந்தான் பேச்சு வாங்கணும். வழியில யாரு மனுவ ஆட்டுனாலும் நிறுத்தக் கூடாதுன்னு டிரைவர்கிட்டயும் சொல்லியாச்சு. ஒருத்தனுக்கு நின்னா ஊருக்கு ஊரு நிக்கணும்."

கல்லுக்குட்டையில் மனுவோடுதான் நிற்கப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக ஊரார் திருத்தித் திருத்தி எழுதிய மனு என்று அக்கா பதில் போட்டிருந்தாள்.

முதல் பொன்னாடைக்கு மொழிபெயர்த்துவிட்டு, இரண்டாவது ஆள் தொண்டையைக் கனைத்த நேரத்தில் இசபெல்லா பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். குதிகால் செருப்பு தோழியிடம் இரவல் வாங்கியது; ஒரு சுற்றுச் சிறியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பாலக்கோட்டு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பிலவேந்திரன் அவர்கள் பங்குக் கோயில் ஆள்.

"என்ன பாப்பா, செருப்பக் கையில புடிச்சிகிட்டு? ஐ.நா. சபையில செருப்புப் போட உட மாட்டாங்களா?"

"அண்ணே, சிரிக்க நேரமில்லிங்க. கல்லுக்குட்டையில எங்கக்காகிட்ட ஒரு சேதி சொல்லணும். மனுவத் தூக்கிக் காட்ட வேணாம், உள்ள வெச்சிரச் சொல்லுங்க. ஆரத்தித் தட்ட எடுத்துகிட்டுப் பொம்பளைங்க நாலு பேரு நடு ரோட்டுல நிக்கட்டும். வெள்ள வேனு. ஆறு மணிக்கு மேல."

"ஆரத்தியா? பிஷப்பா வர்றாரு?"

"பிஷப்புக்கு எடுக்கற மாதிரியேதாங்க."

பிலவேந்திரன் விசிலை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். அவள் பங்களாவுக்குத் திரும்பியபோது ஐந்தாவது பொன்னாடை நடந்துகொண்டிருந்தது. மூன்றையும் நாலையும் தூதரகத்து ஆட்களில் ஒருவர் தன் டெல்லித் தமிழில் சமாளித்திருந்தார். அர்ச்சுனன் அவளுடைய பாதத்தைப் பார்த்தார். தூசி.

வேன் கிளம்பும்போது மணி ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். இசபெல்லா டிரைவர் மாரப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பெரியவர்கள் மாலைகளுக்கு நடுவே களைத்துச் சாய்ந்திருந்தார்கள். சேதி போய்ச் சேர்ந்திருக்குமா? பஸ் வழியில் பஞ்சராகியிருந்தால்? அக்கா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தால்? ஒவ்வொரு மைல்கல்லையும் எண்ணினாள். ஓர் ஊரில் இரண்டு பேர் காகிதத்தை ஆட்டினார்கள். மாரப்பன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினார். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க இசபெல்லா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

வளைவு திரும்பியதும் தெரிந்தது. நடு ரோட்டில் ஆறு பெண்கள். கையில் செந்நிறத் தண்ணீர் ஊற்றிய பித்தளைத் தட்டுகள், நடுவில் வெற்றிலை மேல் எரியும் சூடம். மாரப்பன் பிரேக்கை அழுத்தினார்.

"யோவ், ஓரமா வளைச்சு எடுய்யா!" என்றார் அர்ச்சுனன்.

"அது ஆவாதுங்க சார். ஆரத்தியத் தாண்டி வண்டி உட்டா வெளங்குமா? எனக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க." என்ஜினையே அணைத்துவிட்டார்.

மிஸஸ் நீல்சன் இறங்கினார். பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ராஜமேரி விரலைத் தட்டில் தோய்த்து அவர் நெற்றியில் வைத்தாள். பிறகு இசபெல்லாவின் நெற்றியிலும் வைத்தாள். விரல் ஒரு நொடி கூட நிற்கவில்லை. "வாங்க மேடம்" என்றாள். தங்கையையும் அவள் மேடம் என்றே அழைத்தாள். பெண்கள் தட்டுகளை ரோட்டோரம் கவிழ்க்கத் திரும்பினார்கள்.

அர்ச்சுனன் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். "பாருங்கள் மேடம், தண்ணீர் இல்லாத ஊர். தட்டுத் தட்டாகத் தண்ணீரை ரோட்டில் கொட்டுகிறார்கள்." பிறகு தமிழில், "ஏம்மா, குடிக்கத் தண்ணியில்ல, ஆரத்திக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று இசபெல்லாவுக்குத் தோன்றவே இல்லை. வேனை நிறுத்துவது ஒன்றுதான் மனதில் இருந்தது. தான் கற்றுக்கொடுத்த தந்திரமே ஊரைக் கவிழ்த்துவிட்டது.

ராஜமேரி கவிழ்க்கப் போன தட்டை நிமிர்த்தி, அர்ச்சுனன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார்."

"என்னத்த?"

"மஞ்சள் வாசம் வருதா? சுண்ணாம்பு போட்டாத்தான ஆரத்தித் தண்ணி செவக்கும்? நாங்க ரெண்டும் போடலீங்க. பஸ்ஸுக்காரரு வந்து சொன்னப்ப மஞ்சளக் கரைக்க எங்கீங்க நேரம்? அப்படியே மொண்டுகிட்டு வந்துட்டோம். எங்க குட்டைத் தண்ணியே இதாங்க நெறம். இதத்தான் துணியில வடிகட்டிக் குடிக்கறோம். வேணும்னா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

பின்னாலிருந்த முனியம்மாள், "சார் பயப்படறாரு, பாவம் உடு" என்றாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அர்ச்சுனன் விரலைத் தோய்த்து முகர்ந்தார். மிஸஸ் நீல்சன் என்னவென்று கேட்க, இசபெல்லா படபடவென்று ஆங்கிலத்தில் சொன்னாள்: "ராஜமேரி சொல்கிறார், இதில் மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இது அவர்கள் குடிக்கும் தண்ணீர்." சொல்லி முடித்ததும் அர்ச்சுனன் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மிஸஸ் நீல்சன் தன் நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து மாதிரி எடுக்கும் சீசாவை எடுத்து, தட்டிலிருந்ததை அதில் ஊற்றச் சொன்னார். பிறகு குட்டை எங்கே என்று கேட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுப் போட்ட இரண்டு பேரும் வேலிக்காத்தான் முள்ளை விலக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். குட்டையின் ஒரு கரையில் எருமை நின்றது, மறுகரையில் குடங்கள் இருந்தன.

பாலக்கோட்டு விருந்தில் எல்லாமே நன்றாக இருந்தது. இசபெல்லாவுக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. அர்ச்சுனன் பாயசக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பளை பேரு ராஜமேரின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"அவங்க சொல்லல. நானும் கேக்கல. அக்காவா?"

"ஆமாங்க சார்."

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குது. பஸ்ஸுக்காரரு வந்து சொன்னாருன்னாங்க, உங்க காலுல தூசி. நான் ஒண்ணும் பைத்தியக்காரன் இல்ல மேடம்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் சொல்லப் போறதில்ல. அந்தத் தண்ணிய நானுந்தான் மோந்தேன். ஆனா இது எவன் வாயிலயாவது ஒரு நாள் வெளிய வரும். அன்னைக்கு உங்கள மட்டுமா எடுப்பாங்க? ஊரையே பட்டியல்லருந்து அடிச்சுருவாங்க. யோசிச்சுக்குங்க."

மேசையின் எதிர்ப்பக்கத்தில் மிஸஸ் நீல்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை எடுத்தார். அதற்கடியில் இன்னொரு தாள் இருந்தது. அதில் தன் பெயர் டைப் அடித்திருப்பது இசபெல்லாவுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அவள் எழுந்து போய், குனிந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவை, கடிதத்தை, கண்டக்டரை. சொல்ல நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வண்டியை நிறுத்தியது உன் ஏற்பாடு."

"ஆமாம்."

"தண்ணீரின் நிறம்?"

"இல்லை. அது என்றைக்கும் அப்படித்தான்."

மிஸஸ் நீல்சன் பேனாவின் மூடியைத் திறந்தார். பட்டியலில் கல்லுக்குட்டைக்கு எதிரே, நேரில் கண்டேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அடுத்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "என் தொழிலில் இதை நான் மன்னிக்க முடியாது, இசபெல்லா. நாளையிலிருந்து வராதே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

எட்டு மணி பஸ்ஸில் பிலவேந்திரன் டிக்கெட் கட்டைப் புரட்டினார். "என்ன பாப்பா, வேனுல கூட்டிகிட்டுப் போகலியா?"

"இல்லிங்கண்ணே. கல்லுக்குட்டைக்கு ஒண்ணு குடுங்க."

வாசலில் ராஜமேரி சிம்னி விளக்கோடு எழுந்து வந்தாள். "மேடம் வர்றாங்க, வழி உடுங்க!" என்று ஆட்டுக்குட்டியை விரட்டினாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏண்டி, பட்டியல்ல ஊரு வந்துச்சா?"

"வந்துருச்சு."

"உன் வேலை?"

"போயிருச்சு. அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலக்கா. மண்டியெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு."

ராஜமேரி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். செருப்பு கடித்த இடத்தில் குதிகால் தோல் உரிந்திருந்தது. இசபெல்லா காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. ராத்திரிக்குக் குடிக்க வெச்சுக்க."

"காலக் காட்டுடி" என்றாள் அக்கா. "எனக்கும் கணக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு சொம்பு ஊத்தலாம்."