கணக்கு ஆராய்ச்சிக்கு வந்த பெண்

பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு பேராசிரியர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவை வாடகைக்கு எடுத்து, கணக்கில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களை ஒரு மாதம் தங்க வைத்தார். அங்கே சமையல்காரியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒரே ஒரு பெண். பதுளையில் கடை வைத்திருந்த அவளுடைய அப்பாவும் அவளோடு வந்தார். உள்ளே அத்தனை ஆண்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பெட்டிய எடும்மா, போவோம்."

"யாருக்கும் இன்னும் விடை தெரியாத கணக்குங்க. ஒண்ணா இருந்து யோசிச்சாத்தான் வரும்," என்று பேராசிரியர் கெஞ்சினார்.

"என்கிட்டயும் ஒரு கணக்கு இருக்குங்க. ராத்திரி எம்புள்ளைக்குத் தொணையா யாரு படுப்பா?"

பேராசிரியர் அதை யோசித்திருக்கவில்லை. அந்தப் பெண் கண்கலங்கிப் பெட்டியைத் தூக்கினாள். வெளி ஆட்கள் முன்னால் வாய் திறக்காத நான், சமைத்துக்கொண்டிருந்த குசினியின் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்:

"நான் படுத்துக்கிறேங்க. ஒரு பொம்பளப் புள்ள வருதுன்னு கேள்விப்பட்டு, காலையிலேயே லயத்துல இருக்குற எங்க வீட்டுலேருந்து பாயக் கொண்டாந்து அது அறையில போட்டுட்டோம்."

அவர் எட்டிப் பார்த்தார். "ஒம்புருஷன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவருதாங்க பாயத் தூக்கிட்டு வந்தாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் கையிலிருந்த பெட்டியை வாங்கி, என்னிடம் நீட்டினார்.