இரும்பு ருசித்த நாக்கு

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பது அவள் வேலை. "நாக்கு என்ன சொல்லுது?" என்று மேனேஜர் கேட்பார். அவள் சரி என்றால் மூட்டைகள் லாரி ஏறும், இல்லையென்றால் ஏறாது. பதினாறு வருஷமாகத் தினம் இருநூறு கோப்பை. சர்ரென்று ஒரு உறிஞ்சல், வாய்க்குள் ஒரு சுழற்றல், தொட்டியில் ஒரு துப்பல்.

வயது முப்பத்தெட்டு. கணவன் லிஃப்ட் மெக்கானிக். குழந்தைக்காக ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பு, போதும் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

ஒரு திங்கட்கிழமை முதல் கோப்பையே துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டதுபோல் இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். வெந்நீர் போடும் அக்காவிடம் பாய்ந்தாள்.

"கெட்டிலை எதைப் போட்டுத் தேய்ச்சீங்கக்கா?"

"எப்பவும் தேய்க்கிறதை வெச்சுத்தான். என் கெட்டில் மேல பழி போடாதே."

கெட்டிலையும் மாற்றினார்கள், தண்ணீரையும் மாற்றினார்கள். இரும்பு போகவில்லை. நாற்பது மூட்டையை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டாள். மேனேஜருக்குச் சந்தேகம், வேறு கிளையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, "சரக்கு அருமையா இருக்கே, இதுல என்ன குறை?" என்றார்.

அவள் முகம் செத்துப்போனது. கை கழுவப் போனவளின் பின்னாலேயே அக்கா வந்தார்.

"காலையில பல் தேய்க்கிறப்பவும் இரும்பா இருக்கா?"

"ஆமா."

"மார்பு கனக்குதா? அசதி?"

"வேலை பார்த்தா அசதி வராதா?"

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

"எனக்கு எப்பக்கா ஒழுங்கா வந்துச்சு?"

"என் நடுப்பிள்ளை வயித்துல இருந்தப்ப எனக்கும் இதே இரும்புதான். எதுக்கும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாரு."

அன்று சாயங்காலமே கிட் வாங்கிப் பார்த்தாள். ஒரே கோடு. யாருக்கும் தெரியாமல் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். ஆசைப்பட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் இரும்பு மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. கிட்டோடு வந்த சீட்டை மறுபடி எடுத்துப் படித்தாள். கரு தங்கிய புதிதில் சிறுநீரில் தெரியாமல் போகலாம், ஒரு வாரம் கழித்துக் காலை முதல் சிறுநீரில் பார்க்கவும் என்று போட்டிருந்தது.

எட்டாம் நாள் காலையில் இரண்டு கோடு. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கணவனிடம் நீட்டினாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டாவது கோடு மங்கலா இருக்கே."

"மங்கலா இருந்தாலும் கணக்குல சேர்த்தின்னு போட்டிருக்குங்க."

அவன் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு லீவு சொல்லப் போனை எடுத்தான்.

ஸ்கேனில் கருப்பை தெரிந்தது. அதற்குள் சின்னதாக ஒரு நீர்ப்பையும் தெரிந்தது. இதயத்துடிப்பு மட்டும் தெரியவில்லை. "நாள் கணக்கு சரியா இல்லைங்கிறீங்க. ஆறு வாரமே ஆகியிருக்காது. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். அந்தப் பத்து நாளும் இருவரும் கீழே வீட்டுக்காரர் குடியிருக்கும் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள்.

இரண்டாம் தடவை டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உருவம். நடுவில் ஏதோ மினுக் மினுக்கென்றது.

"நிமிஷத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டான் மெக்கானிக்.

"நூத்தி நாப்பது."

"ரொம்ப ஓடுதே, லோடு ஜாஸ்தியோ?"

"இந்த வயசுல அப்படித்தான் ஓடும்" என்று டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்க முயன்று அழுதுவிட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், "சரக்கு மேல தப்பில்லை சார், தப்பு என் நாக்கு மேலதான்" என்று காரணத்தையும் சொன்னாள். அவர் அவளை இலை தரம் பிரிக்கும் மேஜைக்கு மாற்றினார். அங்கே கண்ணும் விரலும் போதும். நாலாம் மாதத்தில் இரும்பு தானாகப் போய்விட்டது. குழந்தை இப்போது தன்னைச் சுற்றியுள்ள நீரை விழுங்கிப் பழகும், அதன் நாக்கில் சுவை அரும்புகள்கூட வந்திருக்கும் என்றார் டாக்டர். இருபதாம் வாரத்தில் ஒரு மத்தியானம், கையில் இலையோடு இருந்தபோது, வயிற்றுக்குள் நீர்க்குமிழி உடைந்ததுபோல் இருந்தது. வாயுவோ என்று காத்திருந்தாள். மறுபடி வந்தது. வெந்நீர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வைத்தாள். வெளியே தெரியவில்லை. தெரிந்ததாகவே அக்கா சொன்னார்.

முப்பத்தெட்டாம் வாரம் பெண் பிறந்தாள், இரண்டே முக்கால் கிலோ. நர்ஸ் படிவத்தோடு வந்து, "பேரு என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் பெயர் யோசிக்கும் துணிச்சல் இருவருக்குமே வந்திருக்கவில்லை.

"ரெண்டு நாள் டைம் குடுங்கம்மா" என்றான் அவன்.